சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய்

அரசலாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே
அரிசி ஆலையின் நீளச் சுவர்.
பங்குனி வெயில். ஆற்றில் மணல் மட்டும்.
சாரத்துக்குக் காசில்லை என்றார்கள்,
டிராக்டர் டிரெய்லரில் ஏறி நின்று எழுதுகிறேன்:
முகாம்வாழ் தமிழருக்குக்
குடியுரிமை பெற்றுத் தருவோம்.

கீழே நின்று ஒன்றியச் செயலாளர்,
"தம்பி, உரிமையைப் பெருசாப் போடு,
தூரத்துலேருந்து தெரியணும்ல."
தூரத்தில்தான் தெரிகிறது அண்ணே
என்று நான் சொல்லவில்லை.
நீலத்தில் தூரிகையை முக்கினேன்.
நான் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கும்பகோணம் என்றிருப்பேன்.
பொய்யில்லை,
பெரியாஸ்பத்திரியில்தான் பிறந்தேன்.

ஆலைக்கு எதிர்ச்சுவர் எதிர்க்கட்சிக்கு.
அவர்கள் தருவது இரட்டைக் குடியுரிமை.
ஒற்றைக்கே வழியில்லாத கை
ஐந்து எழுத்து கூடுதலாக எழுதியது.
கூலியும் அதற்குத் தக்கபடி கூடியது.
இந்த விவாதத்தில் இதுவரை
எனக்குக் கிடைத்த லாபம் அது.

அக்கா சுகிர்தா
எண்பத்தேழு ஜூன் பத்தொன்பது.
நான் எண்பத்தெட்டு கார்த்திகை.
ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு,
தொப்புள் கொடியை அறுத்த நர்சம்மாகூட ஒருத்திதான்.
நடுவில் ஜூலை முதல் தேதி கிடக்கிறது.
அதற்கு முன்னால் இந்த மண்ணில் விழுந்தது குடிமகள்;
பின்னால் விழுந்தது சட்டவிரோதக் குடியேறி.
அக்கா அதையும் கோர்ட்டில் ஏறித்தான் வாங்கினாள்.
நான் எங்கிருந்து குடியேறினேன் என்று
வக்கீலிடம் கேட்டேன்.
சிரித்தார். பிறகு ஃபைலை மூடினார்.

அம்மா மட்டும் இன்றும்
தன் மேல் பழி போட்டுக்கொள்வாள்:
"கொஞ்சம் வெள்ளனவே உன்னைப் பெத்திருக்கலாம் மோனை."

போன மாதம் நகராட்சி மைதானத்தில்
எங்களுக்காக ஒரு கூட்டம்.
ஜிப்பா போட்ட கவிஞர்
மைக்கைப் பிடித்துச் சொன்னார்,
காவிரிக்கு ஏது கடவுச்சீட்டு!
பயங்கரக் கைதட்டல்.
நான் பேனர் கட்டிய கம்பத்தடியில் நின்றேன்.
ஐயா, காவிரிக்கு நடுவர் மன்றம் இருக்கிறது.
ஆணையம் இருக்கிறது.
நூற்று எழுபத்தேழேகால் டி.எம்.சி. என்று
கால் வரைக்கும் கணக்கு இருக்கிறது.
வராவிட்டால் பேருந்தை மறிக்க ஆள் இருக்கிறது.
தண்ணீரோடு எங்களைச் சேர்க்காதீர்கள்,
அது எங்களைவிட வசதி.

ஆறு மணிக்குக் கணக்கெடுப்பு.
நீலம் காயாத கையால் கையெழுத்துப் போட்டேன்.
ஆர்.ஐ. நல்ல மனுசன்,
"இன்னிக்கு எந்தக் கட்சிக்கு?" என்றார்.
வாசலில் அகதிகள் முகாம் என்று இருந்ததை அழித்து
மறுவாழ்வு முகாம் என்று எழுதியதும் நான்தான்.
எழுநூறு ரூபாய், டீ தனி.
அன்று ராத்திரி
பழைய கூரைக்குக் கீழேதான் படுத்தோம்,
பலகை மட்டும் பெயிண்ட் வாசனையோடு.

தேர்தல் தேதி அறிவித்த அன்று சாயங்காலமே
தாலுகா ஆபீசிலிருந்து போன்.
நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டதாம்,
சுவரெல்லாம் வெள்ளையடிக்க வேண்டுமாம்,
சதுர அடி நாலு ரூபாய்.
எழுதினவனே அழித்தால் சீக்கிரம் முடியும் என்று
யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.
அது உண்மைதான். எனக்கு இடம் தெரியும்.
மட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.
முதலில் தருவோம் போனது.
அப்புறம் பெற்று.
இரண்டு கட்சிக்கும் ஒரே வாளிச் சுண்ணாம்பு.

அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து
மையை என் முகத்துக்கு நேரே காட்டமாட்டாள்.
விரலை மடக்கி வைத்துக்கொண்டே
சோறு போடுவாள், கறண்டி நழுவும்.
"யாருக்குக் குத்தினே?"
"உன் எழுத்து எந்தச் சுவத்துல நல்லா இருந்துச்சோ
அவங்களுக்கு."

ஒரே பூச்சில் நீலம் சாகாது.
அது சுண்ணாம்படிக்கிற எல்லாருக்கும் தெரியும்,
நாலு ரூபாய்க்கு இரண்டாம் பூச்சு கிடையாது.
ஐப்பசியில் அடைமழை பிடித்து
ஆற்றில் தண்ணீர் கரையைத் தொடும்போது
ஆலைச் சுவர் ஊறும்.
ஊறினால் அடியில் இருப்பது மேலே வரும்,
முழுசாக இல்லை.
போன தடவை
குடி என்று மட்டும் வந்தது.
டாஸ்மாக் போகிற இரண்டு பேர்
அதைப் படித்துவிட்டுச்
சிரித்தபடி போனார்கள்.